சூடானதும் குலுங்கும் ஆம்னி: இன்ஜினை இறக்குவதற்கு முன்னால்

கேள்வி இதுதான். 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் சீட்டே ஆடும் அளவுக்குக் குலுங்குகிறது, சில சமயம் அணைந்தும் போகிறது. வேகம் நாற்பதைத் தாண்டிவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. மூன்று பிளக்கும் மாற்றியாயிற்று, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இப்போது மெக்கானிக் "இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்கிறார். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னதில் எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது ஒழுங்காக எரியாமல் விடுகிறது என்ற ஒரு விஷயம் மட்டும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரு சிலிண்டரா, மூன்றுமா என்று தெரியாமலே பிளக் வாங்கியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றியாயிற்று, அடுத்தது இன்ஜின் வேலை. அரை மணி நேரமும் ஒரு ஸ்பானர் செட்டும் இருந்தால் இதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019 வரை ஓடிய வண்டி இது. அதில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். மாருதி 800-இல் இருந்ததும் இதே குடும்பம்தான். மூன்று சிலிண்டர் என்பதால் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) இயல்பாகவே ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். ஆகவே முதலில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால், ஒழுங்காக ஓடுகிற இன்ஜினே சீட்டை உலுக்கும். இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து லேசாக ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் வாயருகே நின்று கேளுங்கள். சத்தம் சீராக இருந்து வண்டி மட்டும் ஆடினால் மவுண்டிங். சத்தத்திலேயே ஒரு துடிப்பு விழுந்து விழுந்து வந்தால் அதுதான் மிஸ்ஸிங். உங்கள் வண்டி அணைந்தும் போகிறது என்பதால் மவுண்டிங் மட்டும் காரணமாக இருக்காது. ஆனாலும் பார்த்துவிடுங்கள், பத்துப் பைசா செலவில்லை.

இனி உங்கள் வண்டி காட்டும் குறியைக் கவனியுங்கள். சூடானால்தான் வருகிறது, ஐட்லிங்கில்தான் வருகிறது, வேகம் எடுத்தால் மறைகிறது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். இக்னிஷன் காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் தருவது) பலவீனமாகியிருந்தால் சூட்டில் தகராறு செய்யும், ஆனால் அது பெரும்பாலும் மேடு ஏறும்போது, லோடு இழுக்கும்போது காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் பம்ப் போதாமல் போனால் வேகத்தில்தான் திணறும், ஐட்லிங்கில் அல்ல. பிளக் ஒயர் கதையும் பெரும்பாலும் அப்படித்தான், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வெட்டும். ஐட்லிங்கில் மட்டும் அழுது, ஓடினால் சமாதானம் ஆகிறது என்றால் எனக்கு மூன்று இடங்களில்தான் சந்தேகம்: எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, கார்புரேட்டரின் ஐட்லிங் பாதை அடைத்திருக்கிறது, அல்லது டேப்பெட் (வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளி) இறுகி ஒரு வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது.

காற்றுத் திருட்டு ஏன் ஐட்லிங்கில் மட்டும் தெரிகிறது? ஐட்லிங்கில் த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறக்கும் தகடு) கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜின் உறிஞ்சும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அந்த நேரத்தில் ஒரு குண்டூசி ஓட்டை வழியாகப் போகும் காற்றுகூடப் பெரிய பங்கு. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது கலவை மெலிந்து, சரியாகத் தீப்பிடிக்காமல் போகும். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டால் மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாயில்) வேக்கம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, குறைந்துவிடும், உள்ளே போகும் முறையான காற்றும் பல மடங்கு ஆகிவிடும். அந்த ஓட்டையை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? வால்வு விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் அழுத்தம்) ஒழுகிப்போக நேரம் கிடைக்கிறது. வேகமாகச் சுற்றினால் ஒழுகுவதற்குள் பிளக் கலவையைக் கொளுத்திவிடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். கோளாறு சூட்டில்தான் வருகிறது என்பதால் சோதனையும் சூட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு சுற்றுப் போய்வந்து, திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வைத்துவிட்டு முன் சீட்டைத் தூக்குங்கள், இன்ஜின் அதன் அடியில்தான். ஷெட்டுக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். ஹோஸிலோ கார்புரேட்டர் அடியிலோ ஈரம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது, ஏனென்றால் நாம் ஸ்பார்க்கோடு விளையாடப் போகிறோம். தோளில் துண்டு, லுங்கி எல்லாம் பெல்ட் பக்கம் ஆகாது.

இன்ஜினை ஆஃப் செய்து, முதல் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பதுதான் முதல் சிலிண்டர். ஒயரின் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வைத்துவிடுங்கள். கழற்றிய ஒயரைச் சும்மா தொங்கவிட்டால் கரண்ட் போக வழியில்லாமல் காயிலுக்கும் இக்னிஷன் மாட்யூலுக்கும் கெடுதல், உங்கள் கைக்கும் நல்லதல்ல. இப்போது ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கைக் கேளுங்கள். ஆட்டம் கூடி, வேகம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த ஆள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றிலும் இதைச் செய்யுங்கள். வெளியே வைத்த பிளக்கில் நீலமாக, பளிச்சென்று ஸ்பார்க் வருகிறதா என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போதும், எரியாத பெட்ரோல் சிலிண்டரைக் கழுவிக்கொண்டே இருக்க விடாதீர்கள்.

தூங்கும் சிலிண்டர் ஒன்று அகப்பட்டுவிட்டால் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக். புது பிளக் என்பதால் நல்ல பிளக் என்று நினைக்க வேண்டாம், பெட்டியிலிருந்து எடுத்தபோதே உள்ளே பீங்கான் விரிசல் விட்ட பிளக்குகளைப் பார்த்திருக்கிறேன், போலிச் சரக்கும் நிறைய. கோளாறு போகாமல் அங்கேயே நின்றால் அடுத்தது ஒயரை மாற்றிப் பாருங்கள், நீளம் எட்டினால். அப்புறம் டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது) மூடியைக் கழற்றி உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு கரிக்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருந்தால், ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டில் குறுக்கு வழி பிடிக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாள் ஓடும். மூடியை மாற்றிவிடுவதுதான் சரி.

இதில் எனக்கு மறக்காத ஒரு வண்டி உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் பூ ஏற்றுகிறவர், ஆம்னி. விடிகாலை மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் மிஸ் அடிக்கும், திரும்பும்போது ஒன்றும் இருக்காது. குளிர்தான் காரணம் என்று நினைத்து சோக் கேபிள், கார்புரேட்டர் எல்லாம் பார்த்துவிட்டார்கள். என்னிடம் வந்தபோது பகல், வண்டி பட்டுப்போல ஓடியது. எதுவும் பிடிபடவில்லை. மறுநாள் நாலரை மணிக்கு நானே கூடப் போனேன். மல்லிகை மூட்டையில் தண்ணீர் தெளித்து முன் சீட்டின் மேலும் ஒன்று வைத்திருந்தார். சீட்டைத் தூக்கினால் இன்ஜின் மூடியின் ரப்பர் ஓரம் பிய்ந்திருக்கிறது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேராக நடு சிலிண்டரின் ஒயர்மேல். டார்ச்சை அணைத்ததும் இருட்டில் ஒயரின் மேல் சின்னச் சின்ன நீலப் பூச்சிபோல ஸ்பார்க் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஒயர் செட், அரை மீட்டர் ரப்பர் பட்டை, வேலை முடிந்தது. வண்டிக்கு எப்போது கோளாறு வருகிறதோ அப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் சரியாகக் கற்றுக்கொண்டேன். ஒயர் சந்தேகம் இருந்தால் நீங்களும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பூவாளித் துளிபோல லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒழுகினால் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். மூன்று சிலிண்டரிலும் ஒயரைக் கழற்றும்போது ஒரே அளவு வேகம் விழுகிறது, அதாவது தனியாக ஒருவர் தூங்கவில்லை என்றால், கோளாறு மூன்றுக்கும் பொதுவானது: கலவை. இங்கே ஒரு அருமையான சோதனை இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றிவிட்டு, குலுங்கிக்கொண்டிருக்கும்போது சோக் தகட்டை (கார்புரேட்டர் வாயில் காற்றைக் குறைக்கும் தகடு) விரலால் மெல்ல, பாதி வரை மூடுங்கள். குலுக்கல் குறைந்து இன்ஜின் தேறினால் கலவை மெலிந்திருக்கிறது, காற்றுத் திருட்டு அல்லது ஐட்லிங் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளை) அடைப்பு. இன்னும் மோசமாகித் திணறிக் கரும்புகை விட்டால் பெட்ரோல் அதிகம்: மிதவை மட்டம் ஏறியிருக்கலாம், நீடில் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது சூடான பிறகும் சோக் தகடு முழுதாக நிமிராமல் சாய்ந்தே நிற்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மெலிந்த கலவை என்று தெரிந்தால் ஹோஸ்களில் தொடங்குங்கள். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் இடுக்கியால் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்குங்கள், பழைய ரப்பர் வெட்டுப்படாமல் நடுவில் துணி வைத்துக்கொண்டு. பிரேக் பூஸ்டர் உள்ள மாடல் என்றால் அந்தத் தடித்த ஹோஸ் முதல் குற்றவாளி. டெல்கோவின் வேக்கம் டயஃப்ரமுக்குப் போகும் மெல்லிய டியூப் இரண்டாவது. அமுக்கியதும் ஐட்லிங் சீரானால் ஆள் அகப்பட்டுவிட்டது. எல்லா ஹோஸும் நல்லது என்றால் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் கெட்டியான இன்சுலேட்டர், அதன் இரண்டு பக்க கேஸ்கட், மேனிஃபோல்டு ஹெட்டில் உட்காரும் இடம். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த ஓரங்களில் மட்டும் புகைபோல் அடியுங்கள், டெல்கோ பக்கம் போகாமல். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், இன்ஜினின் சத்தம் அந்த நொடியில் மாறும். சில ஷெட்டுகளில் இதையே ஊசிக் குழாயில் பெட்ரோல் வைத்துச் செய்கிறார்கள். சூடான சைலன்சர் மேனிஃபோல்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த வீரம் வேண்டாம்.

உங்கள் கேஸில் இந்த இன்சுலேட்டர்மேல்தான் எனக்குக் கண். இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய கேஸ்கட்டையே பசை தடவித் திரும்பப் போடுவது, நட்டை ஒரு பக்கமே இறுக்கி அடிப்பாகத்தை வளைத்துவிடுவது, இரண்டும் ஷெட்டில் தினசரி நடப்பவை. குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரிசல் சூட்டில் வாய் திறக்கும், உங்கள் வண்டி காட்டுவதும் அதேதான். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கார்புரேட்டரை முதல் முறை கழற்றுவதற்கு முன்பும் இந்தக் குலுக்கல் இருந்ததா, பிறகுதான் கூடியதா?

ஜெட் விஷயத்துக்கும் இது பொருந்தும். ஆம்னிக்கும் 800-க்கும் கார்புரேட்டர் மிக்குனி தொழில்நுட்பத்தில் நம் சென்னையின் யூகால் கம்பெனி செய்து கொடுத்தது. நல்ல பொருள், ஆனால் ஐட்லிங் ஜெட்டின் துளை மயிரிழை. அதைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஒயர் கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அளவே மாறிவிடும், பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை. கலவை ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருப்பிப் பாருங்கள், எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு. ஓரிடத்தில் இன்ஜின் திணற வேண்டும். எவ்வளவு திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஐட்லிங் பாதையில் பெட்ரோலே வரவில்லை. அந்தப் பாதையில் கரண்டில் இயங்கும் சொலினாய்டு இருக்கும் கார்புரேட்டர் என்றால், சாவியைப் போட்டதும் அதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் ஒயரைப் பாருங்கள். ஒரு துருப்பிடித்த கனெக்டருக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

கலவை பற்றிப் பேசும்போது இன்றைய பெட்ரோலையும் சொல்லியாக வேண்டும். இப்போது பங்க்கில் பெரும்பாலும் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். 1998-இல் துளை போட்ட ஜெட்டுக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் பழைய கார்புரேட்டரே சற்று மெலிந்த பக்கம்தான் ஓடுகிறது. அதன்மேல் ஒரு சின்னக் காற்றுத் திருட்டு சேர்ந்தால் முன்பு தெரியாமல் இருந்தது இப்போது தெரியும். பழைய ரப்பர் டியூப்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் சீக்கிரம் உப்பவைத்துக் கெடுக்கும். பம்ப் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும், டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் தெரியும். அந்த வாடை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

கேஸ் கிட் போட்ட ஆம்னி என்றால் உங்களுக்கு ஒரு இலவசச் சோதனை கூடுதல். குலுங்கும்போது கேஸுக்கு மாற்றிப் பாருங்கள். கேஸில் சீராக ஓடினால் கோளாறு பெட்ரோல் பாதையில், ஹோஸும் வால்வும் பெரும்பாலும் தப்பித்தன. இரண்டிலும் குலுங்கினால் இக்னிஷன், காற்றுத் திருட்டு, வால்வு. கேஸில் மட்டும் மோசமென்றால் பிளக் இடைவெளியையும் ஒயரையும் பாருங்கள், கேஸைக் கொளுத்த ஸ்பார்க் பலமாக இருக்க வேண்டும். (சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டும் ஆம்னிகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.)

கேஸில் நிறைய ஓடிய வண்டிகளில் வால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். பெட்ரோலிலும் இது நடக்கும், மெதுவாக. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேப்பெட் தளர்ந்தால் டிக் டிக் என்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். இறுகினால் சத்தமே வராது, "இன்ஜின் எவ்வளவு அமைதியா ஓடுது பாரு" என்று பாராட்டுவோம். அமைதியாகவே எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துகொண்டிருக்கும். குளிர்ந்த நிலையில் மிச்சமிருக்கும் கொஞ்ச இடைவெளி, சூட்டில் வால்வு நீண்டதும் மறைந்துவிடும். அதனால் காலையில் நன்றாக ஓடி, சூடானதும் ஒரு சிலிண்டர் தூங்குகிறது என்றால், ஒயர் சோதனையில் அதே சிலிண்டர் திரும்பத் திரும்ப அகப்பட்டால், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுக்க வேண்டிய நேரம். இந்த இன்ஜினில் ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான், மூடியைக் கழற்றினால் முடிந்தது. இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. சூட்டுக்கு ஒரு அளவு, குளிருக்கு ஒரு அளவு உண்டு, உங்கள் மாடல் மேனுவலில் உள்ளதை வையுங்கள். கை மதிப்பில் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

டேப்பெட் சரிசெய்தும் தேறாவிட்டால் கம்ப்ரஷன் கேஜ். மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகும் கரண்டையும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். இதுவும் இன்ஜின் சூட்டோடு. ஒவ்வொரு சிலிண்டரும் என்ன காட்டுகிறது என்பதைவிட மூன்றும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். 160, 155, 160 பி.எஸ்.ஐ. என்றால் நிம்மதி. 160, 155, 95 என்றால் மூன்றாவதில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து படுத்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. மூன்றும் ஒரே அளவில் குறைந்து, பெல்ட்டும் சமீபத்தில் மாற்றியது என்றால் டைமிங் ஒரு பல் தவறியிருக்கிறதா என்று மார்க் பாருங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. ஆம்னி (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் உள்ளது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிலிண்டர் தேடுவது, ஹோஸ் அமுக்குவது, கம்ப்ரஷன் எல்லாம் உங்களுக்கும் இதேதான். ஜெட் இருக்கும் இடத்தில் இன்ஜெக்டரும், ஐட்லிங் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஐட்லிங் வால்வும் சேர்த்துப் படியுங்கள். அந்த வால்வில் கரி படிவதுதான் சிக்னலில் அணைவதற்கு அடிக்கடி காரணம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியில் பிளக் ஒயரைக் கழற்றி நிறைய நேரம் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைக் கெடுக்கும்.

உங்களுக்கு என் வரிசை: இன்று மாலை ஒயர் சோதனை, கூடவே சோக் தகட்டைப் பாதி மூடிப் பார்ப்பது. மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி, சோக்குக்குத் தேறுகிறது என்றால் புது இன்சுலேட்டர், புது கேஸ்கட், நட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குவது. ஒரு சிலிண்டர் மட்டும் தூங்குகிறது, பிளக்கும் ஒயரும் மாற்றியும் அங்கேயே நிற்கிறது என்றால் டேப்பெட், பிறகு கேஜ். கேஜில் ஒரு சிலிண்டர் படுத்து, ஆயில் விட்டும் எழாவிட்டால்கூட அது ஹெட்டைக் கழற்றி வால்வு லேப்பிங் (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது) செய்யும் வேலை, தேவைப்பட்டால் ஒரு வால்வு. ஹெட்டைக் கழற்ற இன்ஜினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. ரிங் என்று கேஜ் சொன்னால் மட்டும் மெக்கானிக் சொன்னதைப் பற்றிப் பேசலாம். ஆனால் ரிங் போன வண்டி சைலன்சரில் நீலப்புகை விடும், ஆயில் குடிக்கும். உங்கள் கேள்வியில் இரண்டும் இல்லை.